குவாண்டம் தகவல் அறிவியலில் கணிதக்காரர்களுக்கு என்ன வேலை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாண்டம் கணினி பற்றிய செய்தி எது வந்தாலும், கூடவே தங்க நிறத்தில் சரவிளக்கு மாதிரி தொங்கும் குளிர்விப்புக் கருவியின் படம் வந்துவிடும். கரும்பலகை முன்னால் சாக்பீஸுடன் நிற்கிற ஆளை யாரும் படம் எடுப்பதில்லை. இந்தப் பக்கம் அந்த ஆளைப் பற்றியது. கணிதம் படிக்கும் மாணவர்களும் சில சமயம் அவர்களுடைய பெற்றோரும் கேட்கிற கேள்விகளைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக் கணக்கு நினைவிருந்தால் போதும்.

குவாண்டம் என்றால் இயற்பியல்தானே? கணிதக்காரர்கள் எங்கே வருகிறார்கள்?

இயற்பியல்தான். ஆனால் பக்கத்தில் ‘தகவல்’ என்ற சொல்லைச் சேர்த்ததும் கேள்விகளின் சாயல் மாறிவிடுகிறது. ஓர் எலக்ட்ரானின் ஆற்றல் எவ்வளவு என்று கேட்டால் ஆய்வகத்தில் அளந்து சொல்லலாம். இந்த இழை வழியாகப் பிழையில்லாமல் அதிகபட்சம் எவ்வளவு செய்தி அனுப்பலாம், எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் ஒட்டுக்கேட்டாலும் இந்த ரகசியம் தப்புமா என்று கேட்டால் அளக்க எதுவும் இல்லை. ஆயிரம் திருடர்கள் தோற்றார்கள் என்பதால் ஆயிரத்தோராவது திருடனும் தோற்பான் என்று ஆகிவிடாது. ‘எப்படி முயன்றாலும்’ என்ற சொல் வருகிற இடத்தில் தேற்றம்தான் வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்தத் துறைக்குக் கணிதக்காரர்கள் கொடுத்ததில் பாதி ‘இது முடியாது’ என்ற பதில். மீதி, முடியாது என்று எல்லோரும் கைவிட்டதை ‘முடியும், இதோ’ என்று எடுத்துக் காட்டியது.

முதலில் கை வைத்தவர் யார்?

ஜான் வான் நாய்மன். 1920களின் நடுவில் குவாண்டம் இயக்கவியல் இரண்டு வேஷத்தில் திரிந்துகொண்டிருந்தது. ஹைசன்பர்க் பக்கம் அணிகள், ஷ்ரோடிங்கர் பக்கம் அலைகள். இரண்டையும் திசையன்கள் வாழும் ஹில்பர்ட் வெளி என்கிற ஒரே கூரையின் கீழ் ஒழுங்காக உட்காரவைத்தவர் வான் நாய்மன். 1932ல் வந்த அவருடைய புத்தகம் அந்த வேலையின் முழு வடிவம். ஒரு துகளின் நிலை நமக்குப் பாதிதான் தெரியும் என்றால் அதை எப்படி எழுதுவது என்பதற்கு 1927லேயே ‘அடர்த்தி அணி’ என்ற கருவியைக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அவர் பெயரில் உள்ள என்ட்ரோபி, அதாவது நமக்கு எவ்வளவு தெரியாது என்பதன் அளவு. தகவலை அளக்க ஷானன் தன் சூத்திரத்தை வெளியிட்டது 1948ல். குவாண்டம் வடிவம் அதற்கு இருபது ஆண்டு மூத்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

அப்புறம் அந்த என்ட்ரோபியைக் கையாள விதிகள் வேண்டியிருந்தன. சாதாரண நிகழ்தகவில் இரண்டு வரியில் முடிகிற ஒரு சமனின்மை, குவாண்டத்தில் அணிகள் இடம் மாறிப் பெருகாத ஒரே காரணத்தால் வருடக்கணக்கில் நிரூபணமில்லாமல் கிடந்தது. 1968ல் லான்ஃபோர்டும் ராபின்சனும் ஊகமாக வைத்ததை 1973ல் எலியட் லீப், மேரி பெத் ரஸ்கய் இருவரும் நிறுவினார்கள். இன்று குவாண்டம் தகவல் கோட்பாட்டில் ஏதாவது ஓர் எல்லையை நிறுவப்போகிறவர் பெரும்பாலும் இந்தச் சமனின்மையில்தான் வந்து நிற்பார்.

க்யூபிட்டில் எல்லையில்லாத தகவலை அடைக்கலாம் என்கிறார்களே?

எழுதி வைக்கலாம், திரும்ப எடுக்க முடியாது. க்யூபிட் என்பது குவாண்டம் கணினியின் பிட்; 0, 1 இரண்டும் கலந்தும் நிற்கும். அதன் நிலையைக் குறிக்கத் தொடர்ச்சியாக மாறும் எண்கள் தேவை. தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் போடலாம். அப்படியானால் ஒரு நூலகத்தையே உள்ளே தள்ளிவிடலாமே? மாஸ்கோவைச் சேர்ந்த கணிதவியலாளர் அலெக்சாண்டர் ஹோலெவோ 1973ல் கதவைச் சாத்தினார்: எத்தனை க்யூபிட் அனுப்புகிறோமோ, அளந்து வெளியே எடுக்கக்கூடியது அதிகபட்சம் அத்தனை பிட்தான். குவாண்டம் கணினி ‘எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது’ என்று எழுதுகிற பத்திரிகைக் கட்டுரைகளை இந்த ஒரு தேற்றத்தை வைத்தே சந்தேகிக்கலாம்.

பயனில்லாத கணிதம் பிறகு உதவியது என்று சொல்வார்களே, அதற்கு இங்கே உதாரணம் உண்டா?

நிறைய. 1955ல் ஸ்டைன்ஸ்ப்ரிங் என்பவர் இயக்கி இயற்கணிதத்தில் (முடிவில்லாப் பெரிய அணிகளின் கணிதம் எனலாம்) ஆறே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். குவாண்டம் கணினி என்ற பேச்சே இல்லாத காலம். குவாண்டம் நிலைக்கு என்ன நேர்ந்தாலும், அது இரைச்சலோ கசிவோ எதுவானாலும், பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு சுத்தமான சுழற்சிதான் என்பது அந்தத் தேற்றத்தை இன்றைய மொழியில் வாசித்தால் கிடைக்கும் பொருள். 1975ல் மான்-டுவென் சோய் அதையே கையால் கணக்குப் போடக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

இன்னொன்று இதைவிட ருசியானது. இரண்டு துகள்கள் குவாண்டம் பின்னலில் இருக்கின்றனவா, அதாவது தனித்தனியாக விவரிக்க முடியாதபடி பிணைந்திருக்கின்றனவா என்று கண்டுபிடிக்க ஆஷர் பெரெஸ் 1996ல் ஒரு எளிய சோதனை சொன்னார்: இரண்டின் கூட்டு நிலையைக் குறிக்கும் அணியில் ஒரு துகளின் பாகத்தை மட்டும் நிரை நிரல் மாற்றிப் போட்டு, ஐகன் மதிப்புகளில் (அணிக்கே உரிய சிறப்பு எண்கள்) குறை எண் வருகிறதா என்று பார். வந்தால் பின்னல் உறுதி. வராவிட்டால்? போலந்தின் ஹொரொடெக்கி குடும்பம், அப்பாவும் இரண்டு மகன்களும், அதே ஆண்டில் பதில் சொன்னார்கள்: இரண்டு க்யூபிட் என்றாலோ, ஒன்றில் இரண்டும் மற்றதில் மூன்றும் நிலைகள் என்றாலோ, சோதனையில் தேறினால் பின்னல் இல்லை, அதற்கு மேல் போனால் உத்தரவாதம் கிடையாது. இந்த ‘இரண்டுக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று’ எங்கிருந்து வந்தது? நார்வேயின் ஸ்டோர்மர் 1963லும் போலந்தின் வொரொனோவிச் 1976லும் சுத்தக் கணிதமாக நிறுவி வைத்திருந்தவை. அலமாரியில் இருந்ததை எடுத்துப் பொருத்தினார்கள்.

இதே வழியில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். சைமன், ஒளியின் தொடர்ச்சியாக மாறும் அளவுகளுக்கு இந்தச் சோதனையை 2000ல் விரித்தெடுத்தார். அந்தத் துறையில் ‘சைமன் நிபந்தனை’ என்றாலே தெரியும்.

பீட்டர் ஷோர் செய்தது என்ன? எளிதாகச் சொல்ல முடியுமா?

பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்ற நம்பிக்கையில்தான் இணையப் பூட்டுகளில் பெரும்பகுதி நின்றது. பெல் ஆய்வகத்தில் இருந்த கணிதவியலாளர் ஷோர், 1994ல் குவாண்டம் கணினியால் இதை வேகமாகச் செய்யலாம் என்று காட்டினார்.

15ஐ எடுத்துக்கொள்வோம். 7ன் அடுக்குகளை 15ஆல் வகுத்து மீதியை எழுதினால் 7, 4, 13, 1, மறுபடி 7, 4, 13, 1 என்று போகும். நான்கு எட்டில் ஒரு சுற்று. அதில் பாதி எட்டில் இருக்கும் 4ஐப் பிடித்து ஒன்று கூட்டினால் 5, ஒன்று கழித்தால் 3. காரணிகள் வந்துவிட்டன. சுற்றின் நீளம் தெரிந்தால் காரணி கிடைக்கும் என்பது பழைய எண் கோட்பாடு. எண் பெரிதானால் சுற்றின் நீளத்தைக் கண்டுபிடிப்பதுதான் மலை. ஒளிந்திருக்கும் தாளத்தைக் கண்டுபிடிக்கத் தோதான கருவி ஃபூரியர் மாற்றம். அதை அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் குவாண்டம் வழியில் செய்யவைக்கலாம் என்று கண்டதுதான் ஷோரின் பங்கு.

க்யூபிட் சீக்கிரம் கெட்டுவிடுமாமே. அதற்கும் கணிதத்தில் மருந்து உண்டா?

என் பார்வையில் ஷோரின் பெரிய வேலை காரணி பிரித்தது அல்ல, இதுதான்.

சாதாரணக் கணினியில் பிழைக்கு மருந்து நகல். ஒரு பிட்டை மூன்றாக எழுதி வைத்து, ஒன்று கெட்டால் மற்ற இரண்டையும் நம்பலாம். குவாண்டத்தில் தெரியாத நிலையை நகலெடுக்க முடியாது என்று 1982லேயே நிறுவியாகிவிட்டது. கெட்டுவிட்டதா என்று எட்டிப் பார்த்தால், பார்த்ததாலேயே கெடும். ஆகவே குவாண்டம் கணினி காகிதத்தோடு சரி என்று விவரம் தெரிந்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1995ல் ஷோர் ஒரு க்யூபிட்டின் நிலையை ஒன்பது க்யூபிட்டுகளில் பரப்பி வைத்தார். எந்த ஒன்றிலும் ரகசியம் முழுசாக இல்லை. பரப்பிய விதத்தில் இருக்கிறது. ‘உன் மதிப்பு என்ன’ என்று கேட்காமல் ‘நீயும் பக்கத்து ஆளும் ஒத்துப்போகிறீர்களா’ என்று மட்டும் கேட்டால், பிழை எங்கே என்று தெரியும், நிலையும் குலையாது.

வழி தெரிந்ததும் குறியீட்டுக் கோட்பாட்டுக்காரர்கள் உள்ளே வந்தார்கள். கால்டர்பேங்க், ரெய்ன்ஸ், ஷோர், ஸ்லோன் நால்வரும் குவாண்டம் பிழைத் திருத்தக் குறியீடு தேடுவதை, நான்கே உறுப்புகள் கொண்ட ஒரு களத்தின் (நான்கு வழக்கச் செயல்களும் செய்யக்கூடிய எண் அமைப்பு) மேல் சாதாரணக் குறியீடு தேடுவதாக மாற்றினார்கள். குவாண்டம் கணக்கு திடீரென்று நாற்பது ஐம்பது ஆண்டு அனுபவம் உள்ள கணக்காகிவிட்டது. அலெக்சி கிதாயெவ் இடவியல் (வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத வடிவப் பண்புகளின் கணிதம்) பக்கமிருந்து வந்து, டோனட் வடிவப் பரப்பில் க்யூபிட்டுகளைப் பரப்பினார்; தகவல் எந்தப் புள்ளியிலும் இல்லாமல், ஓட்டையைச் சுற்றி வரும் வளையங்களில் ஒளிந்திருக்கும். கூகுள் 2024 டிசம்பரில் வில்லோ சில்லில் பிழை குறைவதைக் காட்டியபோது பயன்படுத்திய பரப்புக் குறியீடு இந்த வம்சம்தான்.

இதில் ஒரு குறை, இடம் ஏகமாகத் தின்னும். 2021ல் பாவெல் பான்டெலேயெவ், க்ளெப் கலாச்செவ் இருவரும் குழுக்களும் வரைபடங்களும் கலந்த ஒரு கட்டுமானத்தால், இடமும் வீணாகாமல் காவலும் தளராமல் இருக்கும் குறியீடுகள் உண்டு என்று நிறுவினார்கள். அதே பெரிய குடும்பத்தைச் சேர்ந்த, நடைமுறைக்கு ஏற்ற ஒரு குறியீட்டை ஐபிஎம் ஆய்வாளர்கள் 2024ல் வெளியிட்டார்கள். 12 தர்க்கக் க்யூபிட்டுகளை, அதாவது தகவலைத் தாங்கும் பிழை திருத்திய க்யூபிட்டுகளைக் காக்க அதற்கு 288 க்யூபிட் போதும்; பரப்புக் குறியீட்டுக்கு ஏறக்குறைய 3000 வேண்டும். இந்த மிச்சம் எந்தக் குளிர்விப்பானாலும் வந்ததல்ல.

முப்பத்தாறு அதிகாரிகள் கதை என்ன? அதில் சென்னைக்குத் தொடர்பு உண்டாமே?

உண்டு. எனக்குப் பிடித்த கதையும் இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆறு படைப்பிரிவுகள், ஒவ்வொன்றிலும் ஆறு பதவிகள், பதவிக்கு ஓர் அதிகாரி. மொத்தம் 36 பேர். ஆறுக்கு ஆறு சதுரத்தில் இவர்களை நிறுத்த வேண்டும். எந்த வரிசையிலும் எந்த நிரலிலும் ஒரே பதவி இரண்டு முறை வரக்கூடாது, ஒரே பிரிவும் இரண்டு முறை வரக்கூடாது. 1779ல் ஆய்லர் இதைப் பேசினார். 3, 4, 5, 7 எல்லாவற்றுக்கும் வருகிறது, 6க்கு மட்டும் வரவில்லை. 1901 வாக்கில் காஸ்டன் டாரி என்ற பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு வகையாகக் கையாலேயே சோதித்து, முடியவே முடியாது என்று நிறுவினார். 10, 14 போன்றவற்றுக்கும் முடியாது என்று ஆய்லர் ஊகித்திருந்தார். அந்த ஊகத்தை 1959ல் உடைத்தவர்களில் இருவர் இந்தியர்கள், ஆர். சி. போஸும் எஸ். எஸ். ஷ்ரிகாண்டேயும், மூன்றாமவர் பார்க்கர். ஆக, 2ஐயும் 6ஐயும் தவிர எல்லாவற்றுக்கும் விடை உண்டு. கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

குவாண்டத்தில் ஓர் அதிகாரி ஒரே பதவியில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பாதி இங்கே பாதி அங்கே என்று கலந்து நிற்கலாம், பதவியும் பிரிவும் ஒன்றோடொன்று பின்னியும் இருக்கலாம். அப்படி விட்டால் 36 பேரை நிறுத்த முடியுமா? சென்னை ஐஐடியின் சுஹைல் அகமது ராதர், அருள் லட்சுமிநாராயண் இருவரும், போலந்தில் கரோல் ஜிச்கோவ்ஸ்கி உள்ளிட்ட குழுவினரும் சேர்ந்து ‘முடியும்’ என்று காட்டினார்கள். கட்டுரை 2022ல் வெளியானது. ஏறத்தாழ சரியாக இருக்கும் ஒரு பழைய அடுக்கிலிருந்து கணினியைத் தேடவிட்டு, கிடைத்ததைச் சீவிச் சீவித் துல்லியமான விடையாக்கினார்கள். விடைக்குள் பொன் விகிதம் வந்து உட்கார்ந்திருக்கிறது, யாரும் அழைக்கவில்லை.

இது வெறும் புதிர் அல்ல. இந்த அடுக்கை நான்கு ஆறுமுகப் பகடைகளாக நினைத்துப் பாருங்கள். எந்த இரண்டை உருட்டினாலும் என்ன விழும் என்று சொல்லவே முடியாது; ஆனால் விழுந்த பிறகு மற்ற இரண்டும் தீர்மானமாகிவிடும். எந்த இரண்டை எடுத்தாலும் இப்படித்தான். பின்னல் இதைவிட அதிகமாக இருக்க முடியாது. ஆறு நிலை கொண்ட ஒரு துகளின் தகவலை மூன்று துகள்களில் பரப்பி, பிழையைக் கண்டுபிடிக்கும் குறியீடும் இதிலிருந்து கிடைக்கிறது.

லட்சுமிநாராயண் இயற்பியல் துறைக்காரர். ஆகவே இதில் எது கணிதம் எது இயற்பியல் என்று வரப்புக் கட்டப் பார்ப்பது வீண் வேலை.

கணிதக்காரர்கள் நம்பியது பொய்த்துப் போனதுண்டா?

உண்டு, அதுவும் பெரிய அளவில். இரண்டு குவாண்டம் தடங்களை (செய்தி போகும் வழிகளை) சேர்த்துப் பயன்படுத்தினால் தனித்தனிக் கொள்ளளவுகளின் கூட்டுத்தொகைதான் கிடைக்கும் என்று பல காலம் நம்பினார்கள். வேறு வேறாகத் தெரிந்த நான்கு ஊகங்கள் உண்மையில் ஒன்றுதான் என்று ஷோர் 2004ல் காட்டினார். ஒன்றை நிறுவினால் நான்கும் கிடைக்கும் என்று பலர் இறங்கினார்கள். 2009ல் மாத்யூ ஹேஸ்டிங்ஸ் நான்கையும் ஒரே அடியில் சாய்த்தார். குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்த பெரிய தடங்களில் கூட்டுத்தொகை மிஞ்சும் என்பது அவர் வாதம். பிறகு வேறு சிலர், உயர் பரிமாணத்தில் எந்தக் குவிந்த வடிவத்தை வெட்டினாலும் கிட்டத்தட்ட உருண்டையான துண்டு கிடைக்கும் என்ற ட்வொரெட்ஸ்கியின் பழைய தேற்றத்தாலேயே அதை மறுபடி நிறுவினார்கள்.

குவாண்டத்தால் கணிதத்துக்குத் திரும்ப ஏதாவது வந்ததா?

வந்தது. போரிஸ் சிரெல்சன் 1980ல் குவாண்டம் பின்னலின் வலுவுக்கு ஓர் உச்சவரம்பு நிறுவினார்: இரண்டு துகள்களின் அளவீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் பெல் சோதனையில் சாதாரண உலகம் 2ஐத் தாண்டாது, குவாண்டம் 2√2ஐத் தாண்டாது. அதன் தொடர்ச்சியாக, இரண்டு பேர் பின்னலைப் பகிர்வதைக் கணிதத்தில் எழுத உள்ள இரண்டு வழிகளும் ஒரே விடைதான் தரும் என்று போகிற போக்கில் எழுதிவிட்டார். பல ஆண்டுகள் கழித்து நிரூபணம் எங்கே என்று சிலர் கேட்டபோது, தன்னிடம் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டு, அதைத் திறந்த கேள்வியாக அறிவித்தார். இந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அந்தக் கேள்வியும், அலென் கான் 1976ல் இயக்கி இயற்கணிதத்தில் எழுப்பிய ஒரு கேள்வியும் உள்ளுக்குள் ஒன்று என்று பிறகு தெரிந்தது. 2020 ஜனவரியில் ஜி, நடராஜன், விடிக், ரைட், யுவென் என்ற ஐந்து கணினிக் கோட்பாட்டாளர்கள், பின்னலைப் பகிர்ந்துகொண்டு விசாரணைக்கு நிற்கும் இருவரின் சாட்சியத்தால் எதையெல்லாம் சரிபார்க்கலாம் என்று ஆராய்ந்து, இரண்டு கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்று விடை கொடுத்தார்கள். சிரெல்சன் அதே மாதம் காலமானார்.

தமிழ்நாட்டிலிருந்து யாராவது?

கே. ஆர். பார்த்தசாரதி. 1936ல் சென்னையில் பிறந்தவர். விவேகானந்தா கல்லூரி, பிறகு கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சி. ஆர். ராவிடம் ஆய்வு. ராபின் ஹட்சனுடன் சேர்ந்து 1984ல் அவர் வெளியிட்டது குவாண்டம் வாய்ப்பு நுண்கணிதத்தின் அடிப்படைக் கட்டுரை. ஒரு குவாண்டம் அமைப்பு சுற்றுப்புற இரைச்சலில் நனைந்துகொண்டே எப்படி நகர்கிறது என்பதை எழுதும் மொழி அது. குவாண்டம் ஒளியியலில் பின்னூட்டக் கட்டுப்பாடு செய்கிறவர்கள் அதைத்தான் பேசுகிறார்கள். எழுபதை நெருங்கும் வயதில், முழுக்கப் பின்னல் நிலைகள் மட்டுமே கொண்ட வெளி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்குத் துல்லியமான விடை நிறுவினார். 2023ல் மறைந்தார். நம் பத்திரிகைகளில் அவருக்குக் கிடைத்த இடம் போதாது.

அவருடைய ஆசிரியர் ராவ் தமிழர் அல்ல, ஆனால் விட்டுவிட முடியாது. அளவீட்டின் துல்லியத்துக்கு அவர் 1945ல் கண்ட எல்லையின் குவாண்டம் வடிவம்தான் இன்று குவாண்டம் உணரிகளின் திறனை எடைபோடும் அளவுகோல்.

குவாண்டம் கணினி வந்தால் வங்கிக் கணக்கு என்ன ஆகும்?

அதற்கான வேலை நடக்கிறது, அதுவும் முழுக்கக் கணிதம்தான். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2016ல் போட்டி அறிவித்து, 2024 ஆகஸ்டில் புதிய பூட்டுகளின் தரநிலைகளை வெளியிட்டது. முக்கியமானவை உயர் பரிமாணப் புள்ளிக்கட்டங்களில் (ஒழுங்காக அடுக்கிய புள்ளிகளில்) குறுகிய திசையனைத் தேடுவது கடினம் என்ற நம்பிக்கையில் நிற்பவை. கவனியுங்கள், நம்பிக்கை; தேற்றம் அல்ல. அதே போட்டியில் நான்காம் சுற்று வரை போன ‘சைக்’ என்ற பூட்டை 2022ல் பெல்ஜியத்தின் காஸ்ட்ரிக், டெக்ரு இருவரும் ஒரு மணி நேர அளவில் சாதாரணக் கணினியில் உடைத்தார்கள். சாவி, எர்ன்ஸ்ட் கனி 1997ல் வளைவுகளைப் பற்றி எழுதிய ஒரு தேற்றம். குவாண்டம் கணினியே தேவைப்படவில்லை.

எல்லாக் கணிதவியலாளர்களும் குவாண்டம் கணினியை நம்புகிறார்களா?

இல்லை. இஸ்ரேலின் கில் கலாய், இரைச்சலை வேண்டிய அளவுக்கு அடக்கவே முடியாது என்று பல ஆண்டுகளாக வாதிடுகிறார். பெரும்பாலோர் ஏற்கவில்லை. வில்லோ போன்ற சோதனைகள் அவருக்கு எதிராகத்தான் போகின்றன என்பது என் கருத்தும். ஆனாலும் அவர் கேட்கும் கேள்விகளால் மற்றவர்கள் வாதங்களைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பி.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். எங்கே தொடங்குவது?

நேரியல் இயற்கணிதம். தேர்வுக்குப் படித்த மாதிரி அல்ல. ஐகன் மதிப்பு என்றால் என்ன என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு. அப்புறம் நிகழ்தகவு, கொஞ்சம் குழுக் கோட்பாடு. இயற்பியல் தெரியாதே என்று தயங்க வேண்டாம், இரண்டு நிலை அமைப்புக்குத் தேவையான இயற்பியல் ஒரு வாரத்தில் வந்துவிடும். வேலை இருக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். 2023ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6003.65 கோடி ரூபாய் ஒதுக்கீடு. குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில். இதைக் காட்டலாம்.

நான் முயன்று பார்க்க ஒரு தீராத கணக்கு?

மறுபடியும் ஆறுதான். ஓர் அச்சுத் தொகுப்பில் (அளவீட்டுக்கு எடுத்துக்கொள்ளும், ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகள்) துல்லியமாகத் தெரிந்த நிலையை இன்னொரு தொகுப்பில் அளந்தால் எல்லா விடைகளும் சம வாய்ப்பில் வர வேண்டும். இப்படி ஒன்றுக்கொன்று சாராத தொகுப்புகள் ஒரு பரிமாணத்தில் எத்தனை இருக்கலாம்? உச்சவரம்பு பரிமாணத்தைவிட ஒன்று அதிகம். 2, 3, 4, 5, 7, 8, 9 என்று பகா எண்ணின் அடுக்காக இருக்கும் எல்லாவற்றிலும் அந்த உச்சம் கிடைத்துவிடுகிறது. 6ல் ஏழு வரை இருக்கலாம். இதுவரை கிடைத்தது மூன்று. நான்காவதை யாரும் கண்டதில்லை, இல்லை என்று நிறுவியதும் இல்லை.